சாய்ந்த வெயிலும் சோப்புத் தண்ணீரும்

டிசம்பர் 21ஆம் தேதி நண்பகலில் ஸ்டாக்ஹோமில் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 7 பாகைதான் ஏறியிருக்கும். அதே நாளில் சென்னையின் உச்சிவெயில் 53 பாகை. ஸ்காண்டிநேவிய வீடு என்று படங்களில் பார்க்கிறோமே, வெள்ளைச் சுவர், வெளிறிய மரத்தரை, திரைச்சீலை இல்லாத ஜன்னல், மேசைக்கு மேல் தாழத் தொங்கும் விளக்கு, இவற்றில் பாதிக்கு மேல் அந்த 7 பாகையில் அடங்கிவிடும். மீதி, கழுவித் துடைக்கிற வேலை. படம் எடுப்பவர்கள் அதைக் காட்டுவதில்லை.

ஒரு சின்னக் கணக்கு. தெற்குப் பார்த்த ஜன்னல், கீழ்ப்பலகை தரையிலிருந்து 80 செ.மீ., மேல் விளிம்பு 2.1 மீட்டர். அறையின் ஆழம் 5 மீட்டர். 7 பாகையில் உள்ளே வரும் கதிர் 5 மீட்டர் கடப்பதற்குள் 60 செ.மீ. சொச்சம்தான் கீழே இறங்கும். அப்படியானால் குளிர்கால நண்பகல் வெயில் தரையில் விழுவதே இல்லை. எதிர்ச்சுவரில், கணுக்காலுக்குச் சற்று மேலே தொடங்கித் தோள் உயரம் வரை ஒரு கட்டமாக விழுகிறது. அந்தச் சுவர்தான் அந்த அறைக்கு விளக்கு. அங்கே கருப்புப் புத்தக அலமாரியை நிறுத்துவது, பகல் பதினொரு மணிக்கு விளக்கை அணைப்பது மாதிரி. அலமாரியைப் பக்கச்சுவருக்குத் தள்ளினாலே பல அறைகள் பெயிண்ட் அடிக்காமலேயே தெளிந்துவிடும்.

வெள்ளை நிறம் ஆதிகாலத்திலிருந்து வந்ததென்று நினைக்க வேண்டாம். பழைய பண்ணை வீடுகளின் மரச்சுவர்கள் புகையில் கறுத்துக் கிடந்தன. வசதி வந்தபோது அவற்றின் மேல் பூவேலை செய்தார்கள். நார்வேயில் அதற்கு ரோஸ்மாலிங் என்று பெயர், ஸ்வீடனின் தாலர்னா பகுதியில் குர்பித்ஸ். இரண்டுமே கண்ணைப் பறிக்கும் சிவப்பும் நீலமும். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மூன்றாம் குஸ்தாவ் அரசர் காலத்தில், மேல்தட்டு வீடுகளில் வெளிர் சாம்பலும் முத்து வெள்ளையும் பரவின. நவீன ஸ்வீடிஷ் வீட்டுக்கு முன்மாதிரி என்று எல்லோரும் கைகாட்டுவது சுண்ட்பூர்ன் கிராமத்தில் ஓவியர் கார்ல் லார்சனும் அவர் மனைவி காரினும் அமைத்த வீட்டை. கார்ல் வரைந்த நீர்வண்ணப் படங்கள் 1899இல் புத்தகமாக வந்து அந்த வீட்டை நாடறியச் செய்தன. துணிகளையும் பல மரச்சாமான்களையும் வடிவமைத்தவர் காரின். அந்த வீட்டின் சாப்பாட்டு அறை சிவப்பும் பச்சையும்! வெள்ளையைப் புனிதமாக்கியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

அதே 1899இல் எலன் கெய் என்ற சிந்தனையாளர், அழகு எல்லோருக்கும் உரியது, தொழிலாளியின் வீட்டுக்கும் உரியது என்று எழுதினார். 1919இல் கலை வரலாற்றாசிரியர் கிரேகோர் பால்சன் ‘இன்னும் அழகான அன்றாடப் பொருள்’ என்ற முழக்கத்தைக் கொடுத்தார். 1928இல் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் பெர் அல்பின் ஹான்சன் நாட்டையே ‘மக்களின் வீடு’ என்று நாடாளுமன்றத்தில் உவமித்தார். 1930இல் ஸ்டாக்ஹோம் கண்காட்சி, கண்ணாடியும் இரும்பும் வெள்ளையுமான புதிய குடியிருப்பை மக்கள் கண்முன் கொண்டுவந்து வைத்தது. ‘எல்லோருக்கும்’ என்ற அந்த வாக்கு பாதிதான் நிறைவேறியது. அன்று சாதாரணக் குடும்பத்துக்காகச் செய்த சில நாற்காலிகள் இன்று நடுத்தரக் குடும்பம் யோசித்து வாங்கும் விலையில் நிற்கின்றன. வாக்கின் மற்றப் பாதியைத் தட்டையான அட்டைப்பெட்டியில் அடைத்து விற்றது, 1943இல் தொடங்கிய ஐக்கியா நிறுவனம்.

சுவருக்கு வருவோம். கடைக்குப் போய் ‘வெள்ளை’ என்று கேட்டால் சிக்கல்தான். ஸ்வீடனில் நிறத்தை என்சிஎஸ் என்ற நிற அட்டவணையின் எண்ணால் சொல்கிறார்கள். வீடுகளில் அதிகம் புழங்கும் வெள்ளைக்கு எஸ் 0502-ஒய் என்று எண், பேச்சுவழக்கில் ‘ஸ்டாக்ஹோம் வெள்ளை’. முதல் இரண்டு இலக்கம் கருமை 5 விழுக்காடு என்பதையும், அடுத்த இரண்டு நிறச்செறிவு 2 விழுக்காடு என்பதையும், ஒய் மஞ்சள் பக்கம் சாய்ந்தது என்பதையும் குறிக்கும். அந்தத் துளி மஞ்சள் தேவைதான். வடக்கு ஜன்னலில் வரும் ஒளி நீலம் கலந்தது, வெளியே பனி கிடந்தால் இன்னும் நீலம். சுத்த வெள்ளை அங்கே ஆஸ்பத்திரிச் சுவராகிவிடும். இதைவிட அடிக்கடி நடக்கும் தவறு சாம்பல் நிறம். தெற்கு அறையில் எடுத்த படத்தைப் பார்த்து வடக்கு அறைக்குச் சாம்பல் பூசினால் பூசாத சிமெண்ட்டைப் போல் இருக்கும். ஓர் அட்டைப் பலகையில் இரண்டு கோட்டிங் அடித்து, எந்தச் சுவருக்கோ அதே சுவரில் சாய்த்து, காலையிலும் மாலையிலும் விளக்கொளியிலும் பார்த்துவிட்டுத்தான் டப்பா வாங்க வேண்டும். சுவரிலேயே சதுரம் சதுரமாகத் தீட்டிப் பார்த்தால் பழைய நிறம் பக்கத்தில் நின்று கண்ணை ஏமாற்றும்.

நிறத்தைவிடப் பளபளப்பு முக்கியம் என்பது வேலை முடிந்த பிறகே பலருக்குப் புரிகிறது. வழக்கம் இதுதான்: கூரைக்கு பளபளப்பு எண் 3, சுவருக்கு 5 முதல் 7, கதவு நிலைக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் 40. பக்கச்சுவரை உரசிக்கொண்டு போகும் தாழ்ந்த வெயில், ரோலர் ஓடிய தடத்தையும் பட்டி பார்த்த மேட்டையும் நிழல் போட்டுக் காட்டிவிடும். பளபளப்பு கூடினால் அந்தத் தடங்களும் கூடத் தெரியும். ஜன்னல் பக்கம் தொடங்கி அறையின் உள்பக்கம் நோக்கி அடித்துப் போங்கள். ஈரம் காய்வதற்குள் கடைசி ஓட்டத்தை மேலிருந்து கீழாக ஒரே திசையில் முடியுங்கள். ஒரு லிட்டர் பெயிண்ட் 6 முதல் 8 சதுர மீட்டர் வரும். 4க்கு 5 மீட்டர் அறைக்குக் கதவு ஜன்னல் போக 40 சதுர மீட்டர் சுவர் என்றால், இரண்டு கோட்டிங்குக்கு 10 முதல் 13 லிட்டர்.

ஆளிவிதை எண்ணெய்ப் பெயிண்ட் அடிப்பவர்கள் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். இருட்டில் அது மஞ்சளடிக்கும். அலமாரிக்குப் பின்னால் இருந்த இடம் பழுப்பேறித் தெரிந்தால் கெட்டுவிட்டது என்று சுரண்டாதீர்கள், வெளிச்சம் பட்டால் மெல்ல வெளுக்கும். இரண்டாவது விஷயம் தீ. அந்த எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். வேலை முடிந்ததும் துணியைத் தண்ணீரில் முக்கி, மூடிபோட்ட தகர டப்பாவில் வையுங்கள். வீடு எரிந்த கதைகள் நிஜம்.

விளக்குக்குப் போகும் முன் ஒரு வார்த்தை, அடுப்பைப் பற்றி. 1767இல் கட்டடக் கலைஞர் கார்ல் யோஹான் குரோன்ஸ்டெட் ஸ்வீடனின் ஓட்டுக்கணப்பை, அதாவது அறையைச் சூடாக்கும் ஓடு பதித்த அடுப்பை, திருத்தி அமைத்தார். விறகுப் பஞ்சத்துக்கு அரசு தேடிய தீர்வு அது. சூடான புகையை நேராக வெளியே விடாமல், கணப்புக்குள்ளேயே மேலும் கீழுமாகச் சுற்றவிட்டு, செங்கலும் ஓடும் அந்தச் சூட்டைப் பிடித்துக்கொள்ளச் செய்தார். கொஞ்ச நேரம் எரித்தால் பல மணிநேரம் சூடு தாங்கும். நெருப்பைச் சுற்றி ஒண்டிக்கிடந்த குடும்பம் அறை முழுவதும் பரவ முடிந்தது. மேசை ஜன்னலோரம் போனது அதன் பிறகுதான்.

விளக்கு எத்தனை, எவ்வளவு உயரத்தில்

கூரை நடுவில் ஒரே பெரிய விளக்கைப் போட்டு அறை முழுவதையும் வெளுக்க வைப்பதை டேனிஷ்காரர்கள் ஏறக்குறைய ஒழுங்கீனமாகவே பார்க்கிறார்கள். அவர்களுக்கு ஒளி என்பது குளம் குளமாகத் தேங்கி நிற்க வேண்டியது. ஒரு கூடத்தில் ஐந்தாறு சின்ன விளக்குகள் இருக்கும், பெரும்பாலும் உட்கார்ந்தவரின் கண்மட்டத்துக்குக் கீழே.

இதற்குக் கணக்கு வகுத்துத் தந்தவர் டேனிஷ் விளக்கு வடிவமைப்பாளர் பவுல் ஹென்னிங்சன் (1894–1967). குமிழ்விளக்கின் வெறும் பிரகாசம் கண்ணில் குத்துவதே அவர் பகை. 1920களின் நடுவில் அவர் செய்த மூன்றடுக்குத் தொப்பி விளக்கில், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் பல்ப் கண்ணில் படாது. ஒவ்வொரு தொப்பியின் வளைவும் ஒரு சுருள்கோட்டிலிருந்து எடுத்தது. அதனால் ஒளி அந்த வளைவு முழுவதிலும் ஒரே கோணத்தில் பட்டுத் தெறித்துக் கீழே பரவுகிறது. 1958இல் வந்த பிஎச் 5 விளக்கு இன்றும் டென்மார்க்கில் சாப்பாட்டு மேசைகளுக்கு மேல் தொங்குகிறது. பல்ப் தயாரிப்பாளர்கள் வடிவத்தை மாற்றிக்கொண்டே இருந்த எரிச்சலில், எந்த பல்ப் போட்டாலும் கண் கூசாதபடி அதைச் செய்தார்.

மேசைப் பலகைக்கும் விளக்கின் கீழ் விளிம்புக்கும் இடையே 60 செ.மீ. இருக்க வேண்டும். முதலில் பார்ப்பவர்களுக்கு இது மிகத் தாழ்வாகப்படும். மேசை உயரம் 73 செ.மீ. என்றால் விளக்கின் விளிம்பு தரையிலிருந்து 133 செ.மீ.யில் நிற்கும். உட்கார்ந்தவரின் கண் 120 செ.மீ. வாக்கில் இருக்கும். எதிரில் இருப்பவர் முகம் விளக்குக்குக் கீழே முழுதாகத் தெரியும், சோற்றிலும் வெளிச்சம் இருக்கும். 80க்கு உயர்த்தினால் தொப்பிக்குள்ளிருந்து ஒளி கண்ணில் அடிக்கும்.

எல்இடி வந்த பிறகு புதிதாக ஒரு கோளாறு முளைத்திருக்கிறது. சில எல்இடி பல்புகளின் கீழ்ப்பாதி பிளாஸ்டிக், மேல்பாதி மட்டுமே ஒளிரும். அதை இந்த மாதிரி அடுக்குத் தொப்பி விளக்கில் போட்டால் ஒரு தொப்பி இருண்டு கிடக்கும், மேசையில் வளையம் வளையமாக நிழல் விழும். எல்லாப் பக்கமும் ஒளிரும் பால்வெள்ளைக் குமிழ், 2700 கெல்வின் (மஞ்சள் சாய்ந்த ஒளி), நிறம் காட்டும் எண் (சிஆர்ஐ) 90க்கு மேல் என்று பார்த்து வாங்க வேண்டும். அந்த எண் குறைந்த பல்பின் கீழே மரத்தரை சாம்பல் பூத்துத் தெரியும். தரை கெட்டுவிட்டதென்று மாய்ந்துபோவார்கள். கெட்டது பல்ப்.

கூரையில் மின்இணைப்பு ஓரிடத்திலும் மேசை வேறிடத்திலும் இருந்தால் மேசையை நகர்த்தாதீர்கள். வயரை நீளமாக விட்டு, மேசைக்கு நேர்மேலே ஒரு கொக்கி அடித்துத் தொங்கவிடுங்கள். டேனிஷ் வீடுகளில் வளைந்து தொங்கும் அந்த வயர் சகஜம்.

ஜன்னல் பலகையில் வைக்கும் சின்ன விளக்கு தெருவுக்கும் சேர்த்துத்தான். ஸ்வீடனில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காம் ஞாயிறு தொடங்கி ஜனவரி 13 வரை ஏறக்குறைய எல்லா ஜன்னல்களிலும் மின்மெழுகுவர்த்தித் தண்டோ காகித நட்சத்திரமோ எரியும். மூன்று மணிக்கே இருட்டிவிடும் தெருவில் நடப்பவருக்கு அது வழித்துணை. இதமான சூழலைக் குறிக்கும் டேனிஷ் சொல்லால் ‘ஹூகே’ என்று 2016 வாக்கில் ஆங்கிலப் புத்தகக் கடைகள் மூட்டை மூட்டையாக விற்ற சமாச்சாரம் இதுதான். கம்பளி மெத்தை உறை வாங்கினால் வந்துவிடுவதில்லை.

மெழுகுவர்த்தி விஷயத்தில் ஒன்றே ஒன்று. திரியை ஒரு செ.மீ.க்கு மேல் வளரவிட்டாலும், காற்றோட்டத்தில் சுடர் ஆடினாலும் கரி பறக்கும். அந்த வெள்ளைக் கூரையில் இரண்டு குளிர்காலத்தில் சாம்பல் மேகம் படியும். அணைத்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து ஐந்து முதல் பத்து நிமிடம் காற்றாட விடுவது டேனிஷ் வீட்டு வழக்கம், வெளியே பனி கொட்டினாலும்.

அளந்து செய்த சாமான்

கோபன்ஹேகன் கலைக்கழகத்தின் மரச்சாமான் பிரிவை 1924இல் ஏற்ற கோரே கிளிண்ட், மாணவர்களை முதலில் வரையச் சொல்லவில்லை, அளக்கச் சொன்னார். அந்த வழியில் வந்த பெர்கே மோகன்சன் 1950களில் கிரேத மேயருடன் சேர்ந்து, ஒரு டேனிஷ் வீட்டில் எத்தனை சட்டை, மடித்தால் எவ்வளவு அகலம், தட்டு எத்தனை அங்குலம் என்றெல்லாம் கணக்கெடுத்து அலமாரி வடிவமைத்தார். இதை எந்த ஊரிலும் செய்யலாம், செலவும் இல்லை. அலமாரி வாங்கும் முன் வீட்டிலுள்ள சாமானை அளந்து பாருங்கள். புத்தகத்துக்கு 30 செ.மீ. ஆழம் தாராளம். தட்டுக்கு 35. ஹேங்கரில் தொங்கும் உடுப்புக்கு மட்டும் 60. எல்லாவற்றையும் 60 செ.மீ. ஆழத்தில் வாங்கிவிட்டு, பின்வரிசையில் என்ன இருக்கிறதென்றே தெரியாமல் வாழ்பவர்கள்தான் ‘இன்னும் ஓர் அலமாரி வேண்டும்’ என்பார்கள்.

பின்லாந்து கறாராகப் பார்த்தால் ஸ்காண்டிநேவியாவில் சேராது. ஆனாலும் அங்கே 1940களில் மையு கெப்ஹார்ட் முன்வைத்த பாத்திரம் வடிக்கும் அலமாரியைச் சொல்லாமல் விட முடியாது. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு நேர்மேலே, அடிப்பலகை இல்லாத அலமாரி, உள்ளே கம்பித் தட்டுகள். கழுவிய தட்டை நேராக அங்கே அடுக்க, தண்ணீர் தொட்டியிலேயே சொட்டும். துடைக்க வேண்டாம், எடுத்து வேறிடத்தில் வைக்கவும் வேண்டாம். செய்து பார்க்க நினைப்பவர்கள் மரத்தூள் பலகையில் செய்தால் ஓரங்கள் இரண்டு வருடத்தில் ஊதிவிடும். பக்கப் பலகைகளின் கீழ்விளிம்பையாவது நீர்புகாதபடி அடைக்க வேண்டும், கதவுக்குப் பின்னால் காற்று போக வழி விட வேண்டும்.

நாற்காலிகளில் இருவகை மட்டும். மோகன்சன் நுகர்வோர் கூட்டுறவு அமைப்புக்காக 1947இல் செய்த ஜே39, மக்கள் நாற்காலி என்றே பெயரெடுத்தது. ஹான்ஸ் வெக்னர் 1949இல் வடிவமைத்த சிஎச்24, முதுகில் ஒய் வடிவப் பலகை கொண்டது. இரண்டுக்கும் இருக்கை காகிதக் கயிற்றில் பின்னியது. காகிதமா என்று சிரிக்க வேண்டாம். போர்க்காலத்தில் நார்ச்சரக்கு கிடைக்காதபோது வந்த மாற்று இது. முறுக்கிய காகிதப் புரிகள் மூன்றைச் சேர்த்துத் திரித்து, லேசாக மெழுகூட்டியது. சிஎச்24 இருக்கை ஒன்றுக்கு 120 மீட்டர் வாக்கில் பிடிக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பல பத்தாண்டு தாங்கும், அறுந்தால் மறுபடி பின்னலாம். நம் கயிற்றுக் கட்டிலைப் போலத்தான். பின்னியதும் இறுக்கமாக இருப்பது, உட்கார உட்காரத் தளர்ந்து உடம்புக்கு அமையும்.

சட்டத்தைச் சுற்றி நான்கு முக்கோணங்கள் நடுவில் சந்திக்கும்படி பின்னுவது ஒரு முறை. முன்சட்டம் பின்சட்டத்தைவிட அகலம் என்பதை மறந்துவிட்டுத் தொடங்குவதுதான் பலர் செய்யும் தவறு. முதலில் முன்பக்க இரு மூலைகளிலும் அந்த வித்தியாசத்துக்கு மட்டும் தனியாகச் சுற்றி, மிச்சமுள்ள இடத்தைச் செவ்வகமாக்கிக்கொண்டு பிறகுதான் முழுச்சுற்று. ஒவ்வொரு பத்துச் சுற்றுக்கும் ஒரு மரக்கட்டையால் கயிறுகளை மூலைநோக்கித் தட்டி நெருக்க வேண்டும், மூலைமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். நெருக்காமல் விட்டால் ஒரு வருடத்தில் இடைவெளி விழுந்து சட்டம் தெரியும். முடிச்சு எப்போதும் இருக்கையின் அடிப்பக்க நடுவில். சட்டத்தின்மேல் முடிச்சு வந்தால் தொடையில் உறுத்தும், தேய்ந்து அறுவதும் அங்கேதான். கயிற்றைச் சட்டென்று தண்ணீரில் முக்கி எடுக்கலாம், ஊறவிடக் கூடாது, காகிதப் புரி பிரிந்துவிடும். கறை பட்டால் நன்றாகப் பிழிந்த துணியால் முழு இருக்கையையும் ஒரே சீராகத் துடைக்க வேண்டும். கறை பட்ட இடத்தை மட்டும் துடைத்தால் கறை போய், துடைத்த வட்டம் தங்கிவிடும்.

தரைவிரிப்பில் அந்த ஊரின் சிக்கனம் தெரியும். ஸ்வீடனின் கந்தல் விரிப்பு, பழைய படுக்கை விரிப்பையும் சட்டையையும் இரண்டு மூன்று செ.மீ. நாடாக்களாகக் கிழித்து ஊடையாக ஓட்டி, பருத்தி நூலைப் பாவாக வைத்துத் தறியில் நெய்தது. பருத்தியோடு பாலியஸ்டர் நாடா கலந்தால் முதல் சலவையில் பருத்தி சுருங்கும், பாலியஸ்டர் சுருங்காது, விரிப்பு வாழையிலை மாதிரி நெளியும். கிழிக்கும் முன்பே துணியைச் சூடான தண்ணீரில் அலசிவிட வேண்டும். பின்லாந்தில் கோடை வந்ததும் இந்த விரிப்புகளைக் கரையோர மேடைகளில் விரித்து, பைன் எண்ணெய்ச் சோப்பு போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து, கட்டைகளில் காயப் போடுவார்கள். ஈர விரிப்பை மடிக்காமல் சுருட்டித்தான் தூக்க வேண்டும், மடித்த இடத்தில் பாவு நூல் வெட்டுப்படும்.

மரமும் சோப்பும்

வார்னிஷ் இல்லாத வெள்ளை மரத்தரை சுத்தத்தின் அடையாளமாக இருந்த நாடுகள் இவை. பழைய ஸ்வீடனில் தரையை மணலும் காரத்தண்ணீரும் போட்டு வெளுக்கத் தேய்த்து, பண்டிகைக்கு நறுக்கிய ஜூனிபர் தழையைத் தூவினார்கள். டென்மார்க்கில் அந்தப் பழக்கம் சோப்பாகத் தொடர்கிறது. வாசனையும் நிறமும் சேர்க்காத சுத்தச் சோப்புச் சீவல் மரத்தின் நுண்துளைகளில் போய் அடைந்து, அழுக்கு உள்ளே இறங்காமல் தடுக்கிறது. வார்னிஷ் ஒருமுறை உரிந்தால் முழுவதையும் சுரண்ட வேண்டும். சோப்புப் பூச்சை எந்த மூலையிலும் எப்போதும் புதுப்பிக்கலாம். ஆனால் விட்டுவிடவும் முடியாது. ‘பராமரிப்பு இல்லாத’ ஸ்காண்டிநேவிய வீடு என்று யாராவது விற்றால், அது படம் ஒட்டிய பிளாஸ்டிக் தரை.

முதலில் மரம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒரு நிமிடத்தில் கறுத்து உறிஞ்சினால் வெறும் மரம், அல்லது சோப்பிட்ட மரம். முத்தாக நின்றால் எண்ணெயோ வார்னிஷோ உண்டு, சோப்பு உள்ளே போகாது. பீச், ஆஷ், ஓக், மேப்பிள், பைன் எல்லாம் சோப்புக்கு ஏற்றவை. தேக்குக்கும் வால்நட்டுக்கும் வேண்டாம், மேலே சாம்பல் படிந்த மாதிரி ஆகும்.

தரைக்கு இரண்டு வாளி. ஒன்றில் 5 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு டெசிலிட்டர் (100 மி.லி.) சொச்சம் திரவ மரச்சோப்பு, மற்றதில் வெறும் தண்ணீர். இரண்டு மூன்று சதுர மீட்டருக்குச் சோப்புத் தண்ணீர் தடவி, ஓரிரு நிமிடம் விட்டு, அழுக்கோடு துடைத்தெடுத்து, மாப்பை இரண்டாம் வாளியில் அலசிப் பிழிந்து, மறுபடி முதல் வாளியில் நனைத்து அடுத்த இடம். ஒரே வாளி என்றால் அந்த வீட்டின் அழுக்கையே எடுத்து அதே வீட்டு மரத்தில் ஏற்றுகிறோம், ஆறு மாதத்தில் தரை கறுத்துவிடும். கடைசியில் வெறும் தண்ணீர் விட்டு அலசிவிடாதீர்கள். மெல்லிய சோப்புப் படலம் தங்கத்தான் இத்தனை பாடு. பைன் தரை மஞ்சளடிக்காமல் இருக்க முதலில் காரநீர் தடவுவதும் உண்டு, கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சாதாரணக் காரநீரை ஓக்கில் தடவினால் பழுப்பேறிக் கறுக்கும்.

குளிர்காலத்தில் பலகைகளுக்கு இடையே ஒன்றிரண்டு மி.மீ. பிளவு தெரியும். ஹீட்டர் ஓடும் அறையின் காற்று வறண்டு மரம் சுருங்குவதால் அது. பிப்ரவரியில் அதைப் பட்டி வைத்து அடைத்தவர்கள் ஜூலையில் பார்ப்பார்கள். மரம் ஊதி, பட்டியைப் பல்லிடுக்கிலிருந்து துப்புவது மாதிரி வெளியே தள்ளியிருக்கும்.

மேசைக்கு முறை சற்று வேறு. முதலில் வெறும் தண்ணீரால் பலகை முழுவதையும் நனைத்துக் காயவிடுங்கள். நார்கள் எழும்பி நிற்கும். 240ஆம் எண் உப்புத்தாளால் ரேகை ஓடும் திசையிலேயே லேசாகத் தேய்த்து எடுங்கள். ஒரு லிட்டர் சுடுதண்ணீரில் இரண்டு டெசிலிட்டர் சோப்புச் சீவலைக் கரைத்து, ஆறியதும் அடித்தால் முட்டைவெள்ளை மாதிரி நுரைக்கும். அந்த நுரையை ஸ்பாஞ்சில் எடுத்துப் பூசி, ஐந்து நிமிடம் கழித்துப் பிழிந்த துணியால் ரேகையோடு துடைத்து, ஒரு ராத்திரி காயவிட வேண்டும். புது மரத்துக்கு இப்படி மூன்று நான்கு முறை. பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சீவலை அரை டெசிலிட்டராகக் குறைத்து. நுரையாகப் பூசுவதன் காரணம் தண்ணீர் குறைவு என்பதுதான். பலகையின் அடிப்பக்கத்துக்கும் பூசுங்கள், மேல்பக்கம் மட்டும் நனைந்து காய்ந்து வந்தால் பலகை கிண்ணமாக வளையும்.

கோபன்ஹேகன் குழாய்த் தண்ணீர் கடினமானது, ஒஸ்லோவுடையது மிருது. கடினத் தண்ணீரில் சோப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து வெண்திப்பியாகும். மேசை மேல் வெள்ளைக்கோடுகள் தெரிந்தால் சோப்பைக் கூட்டாமல் குறைக்க வேண்டும், துடைப்பதைக் கூட்ட வேண்டும்.

ஓக் மேசையை இரும்புக் கம்பிச் சுருளால் தேய்ப்பதுதான் மன்னிக்க முடியாத தவறு. ஓக்கில் துவர்ப்புச் சத்து அதிகம். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சுவார்களே, அதே ரசாயனம் இங்கேயும் நடக்கும். உதிர்ந்த இரும்புத் துகள் ஈரத்தில் துவர்ப்போடு சேர்ந்து மேசையெங்கும் கருநீலப் புள்ளி போடும். ஈரமான இரும்புச் சட்டியை வைத்தாலும் அப்படித்தான். லேசான புள்ளி என்றால் எலுமிச்சைச் சாறு தடவி, கழுவி, காய்ந்ததும் மறுபடி சோப்பிட்டால் போகும். ஆழமாக இறங்கினால் ஆக்சாலிக் அமிலம்தான், அது விஷம், கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

டென்மார்க்கின் ஹெர்னிங்கிலும் ஒஸ்லோவிலும் உள்ள தமிழ் வீடுகளுக்கு இன்னொரு கறை உண்டு. வெளிறிய ஆஷ் மேசையில் சாம்பார் சிந்தினால் முதலில் எண்ணெயை ஒற்றி எடுங்கள், பிறகு சோப்பு நுரை. நுரை பட்டதும் மஞ்சள் கறை ரத்தச் சிவப்பாக மாறும். பதற வேண்டாம், ஆலம் கரைக்கும்போது சுண்ணாம்பு செய்கிற வேலையைச் சோப்பின் காரம் செய்கிறது, அவ்வளவுதான். துடைத்துக் காய்ந்தால் திரும்ப மஞ்சளாகும், ஆனால் முழுதாகப் போகாது. தேய்த்தும் சுரண்டியும் மரத்தைப் பள்ளமாக்காமல் மேசையை ஜன்னலோரம் இழுத்துவிடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலில் நிற்காது, கோடையில் சில நாட்களிலேயே வெளுத்துவிடும். நவம்பரில் சிந்தியிருந்தால் அந்த 7 பாகைச் சூரியனை நம்பிப் பயனில்லை. மேலே ஒரு துணியை விரித்துவிட்டு ஏப்ரல் வரை பொறுக்க வேண்டியதுதான்.